ஒரு மீட்டர் இருட்டு

சுவிட்சை எங்கே வைப்பதென்று
சுவரைக் கேட்கக் கூடாது,
கையைக் கேட்க வேண்டும்.
ஓட்னியிடம் சொன்னேன்:
வெளியே போய், எப்போதும்போல உள்ளே வாருங்கள்.
வந்தார். இடது கையில் மீன் வாளி,
வலது முழங்கையால் கதவைத் தள்ளி,
பூட்ஸ்களை ஒன்றோடொன்று உரசிக் கழற்றி.
முழங்கை சுவரைத் தொட்ட உயரத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

இரண்டாவது, மாடியில், படுக்கையருகே.
கட்டிலுக்கு எந்தப் பக்கம்?
"இப்போது இரண்டும் என் பக்கம்தான்" என்றார்.
சன்னல் பக்கம் வைத்தேன்.
இருவழி இணைப்பு:
கீழே போட்டதை மேலே அணைக்கலாம்,
மேலே மறந்ததைக் கீழே.

வெஸ்ட்ரோலன் தீவுகளில் நவம்பர் முடிந்தால்
ஜனவரி பாதிவரை சூரியன் தலைகாட்டாது.
அந்தியை அறியும் கண்ணை நம்பினால்
ஆறு வாரம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்;
ஜூனில் வேலை பார்க்காமல் சம்பளம் வாங்கும்.
வானியல் டைமருக்கு அட்சரேகையை ஊட்டிப் பார்த்தேன்.
'உதயம்' என்ற இடத்தில்
இரண்டு கோடு காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.
ஆகவே சாதாரணக் கடிகாரம்:
மாலை நான்கிலிருந்து பத்து சதவீத வெளிச்சம்,
அசைவு தெரிந்தால் முழுசாக, நான்கு நிமிடம்.
பிர்ச் கிளை ஆடினால் எரியக் கூடாது.
அஸ்பியோர்னின் சமையலறைக்குள் ஒரு கீற்றும் விழக் கூடாது,
வழக்குப் போடுகிற ஆள்.

இத்தனையும் தொர்கெய்ர் கேட்டது, காப்பீட்டுக்காரர்.
செப்டம்பரில் படகுக் கொட்டகையிலிருந்து
எஞ்சின் ஒன்று போயிற்று. இருபது குதிரைத்திறன்.
பூட்டு உடையவில்லை.
'முதலில் வெளிச்சம், பிறகு பணம்' என்று கடிதம்.

வரைபடத்தை மேசையில் விரித்தேன்.
நான்கு விளக்கு, நான்கு விசிறி வளைவு,
ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும்படி;
எலி நுழைய இடமில்லை.
எனக்கே பெருமையாக இருந்தது.
ஓட்னியின் விரல் காபிக் கறையைத் தாண்டி ஊர்ந்து
கொட்டகையின் பின்சுவருக்கும்
மீன் உலர்த்தும் சட்டத்துக்கும் நடுவே நின்றது.
"இங்கே வேண்டாம்.
நரி வரும் வழி. மிரண்டுவிடும்."

நரியை நான் பார்த்திருக்கிறேன்.
நடுமுற்றத்தில், நீல நண்பகலில்,
வீட்டு வரி கட்டியவர்போல நடந்து போகும்.

குழாய் பொருத்தப் பின்சுவரருகே குனிந்தபோது
மூன்றாம் பலகையடியில் ஓர் ஆணி.
பச்சைக் கயிற்றில் சாவி. துருவே இல்லை.
பக்கத்தில் பிளாஸ்டிக் பை,
மழை நுழையாதபடி இரண்டு மடிப்பு.
உள்ளே புதிதாய்ப் பின்னிய கம்பளிக் கையுறைகள்.
ஓட்னியின் கையைப்போல ஒன்றரைக் கை.

பூட்டு உடையாத காரணம் புரிந்தது.
வேறெதுவும் புரிந்ததாக நான் எழுதித் தர மாட்டேன்.

இரவில் வருகிறவனுக்கு நிலவு பகை
என்பது பழைய கணக்கு.
இங்கே நிலவுக்கு வயர் இழுப்பவள் நான்.
சென்சாரின் தலையைப் பதினொரு டிகிரி திருப்பினேன்.
அப்போதும் ஓரம் எட்டிப் பார்த்தது;
கண்ணாடியின் கால்பகுதியில் கறுப்பு டேப் ஒட்டினேன்.
பையை எடுத்த மடிப்பிலேயே வைத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
வெளிச்சம் எட்டாத இடங்கள். 'ஒன்று' என்று எழுதினேன்.
காரணம்: 'நரி.'
கையொப்பம்: ரன்வெய்க்.
டேப்புக்குப் பில்லில் காசு சேர்க்கவில்லை.
தொர்கெய்ர் படிவங்களை முழுதாய்ப் படிப்பவரல்ல
என்று கேள்வி.

கடைசியில் நடைச் சோதனை.
கேட்டில் நுழைந்தேன், எரிந்தது.
விறகுக் குவியல், எரிந்தது.
படித்துறை, எரிந்தது, என் நிழல்
தண்ணீர்மேல் நீளமாய் விழுந்தது.
பிறகு பின்சுவர் ஓரமாக,
தோளைப் பலகையில் உரசியபடி,
ஒரு மீட்டர் அகலத்தில் நடந்தேன்.

எரியவில்லை.
கடல் மட்டும் கேட்டது.
மேலே சன்னலில் ஓட்னி,
சுவிட்சின்மேல் விரல்.
அவரும் எரிக்கவில்லை.